புதிய பாண்ட் வருவதற்குள் எந்தப் படத்தில் தொடங்குவது? ஆள் மாறிய ஆறு படங்கள், ஓர் ஒப்பீடு

ஜேம்ஸ் பாண்ட் படங்களை முறையாகப் பார்த்திராத நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: புதிய நடிகரின் படம் திரைக்கு வருமுன் பழையவற்றில் சிலவற்றையாவது பார்த்துவிட வேண்டும், ஆனால் எதில் தொடங்குவது? நியாயமான கேள்விதான். 1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் எடுத்தவை மட்டும் 25 படங்கள். நடித்தவர்கள் ஆறு பேர். அதுவரை தொடரைக் கட்டிக்காத்து வந்த பார்பரா ப்ராக்கொலியும் மைக்கேல் ஜி. வில்சனும், படைப்பு சார்ந்து முடிவெடுக்கும் அதிகாரத்தை 2025 பிப்ரவரியில் அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்திடம் விட்டுக்கொடுத்தார்கள். அதே ஆண்டில் இயக்குநராக டெனி வில்னவும், திரைக்கதை எழுத ஸ்டீவன் நைட்டும் அறிவிக்கப்பட்டார்கள். ஏழாவது நடிகர் வந்து நிற்கும்போது ஊரெல்லாம் "அவரைப் போல இவர் இல்லை" என்றுதான் பேசப்போகிறது. அந்த "அவர்" யார் என்று தெரியாவிட்டால் அந்தப் பேச்சில் நமக்கு இடமில்லை.

"தலைசிறந்த பத்துப் படங்கள்" போன்ற பட்டியல்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நடிகரும் முதன்முதலாகப் பாண்ட் வேடம் கட்டிய ஆறு படங்களுக்குள்ளேயே தேர்வை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. நாடகக் கொட்டகையில் ராஜபார்ட் மாறிய முதல் இரவில் கம்பெனி முழுவதும் எவ்வளவு கவனமாக இருக்குமோ, அவ்வளவு கவனம் இந்த ஆறு படங்களிலும் தெரியும். பார்க்க வருகிறவர்கள் சந்தேகத்தோடு வருவார்கள் என்பது எடுப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்த மனிதன் யார், இவனுடைய மேலதிகாரி இவனைப் பற்றி என்ன நினைக்கிறார், இவன் எந்த அளவுக்கு இரக்கமற்றவன் என்பதையெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருவார்கள். புதிதாக வருபவருக்கு அதைவிட வசதி வேறில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், முன்கதை தெரியாமல் படம் தனித்து நிற்கிறதா என்பது. இரண்டாவது, அந்த ஒரு படத்தைப் பார்த்தால் அடுத்து எத்தனை படங்களுக்குக் கடன்படுகிறோம் என்பது. இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாவது, வீட்டில் யாரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கப்போகிறோம் என்பது. நான்காவது, படத்தின் வயது. வேகத்தை மட்டும் சொல்லவில்லை. பெண்களைப் பற்றியும் வேற்று இனத்தவரைப் பற்றியும் அந்தக் காலம் வைத்திருந்த பார்வையையும் சேர்த்தே சொல்கிறேன். ஐந்தாவது, நடிகர் மாறும் தருணத்தைப் படம் எப்படிக் கையாளுகிறது என்பது. வரப்போகும் படத்தை எடைபோடுவதற்கு உதவும் அளவுகோல் இதுவே.

| படம் | ஆண்டு | நடிகர் | ஏறத்தாழ நீளம் (நிமிடம்) | அவர் நடித்த ஈயான் படங்கள் |
|---|---|---|---|---|
| டாக்டர் நோ | 1962 | ஷான் கானரி | 110 | 6 |
| ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ் | 1969 | ஜார்ஜ் லேசன்பி | 142 | 1 |
| லிவ் அண்ட் லெட் டை | 1973 | ரோஜர் மூர் | 121 | 7 |
| தி லிவிங் டேலைட்ஸ் | 1987 | திமோதி டால்டன் | 130 | 2 |
| கோல்டன்ஐ | 1995 | பியர்ஸ் பிராஸ்னன் | 130 | 4 |
| கேசினோ ராயல் | 2006 | டேனியல் கிரெய்க் | 144 | 5 |

ஆண்டு வரிசையில் போகாமல், உண்மையில் போட்டியில் இருக்கும் இரண்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

## கேசினோ ராயல்: ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்பவருக்கு

முன்கதை என்ற சுமையே இல்லாத படம் இது. பாண்ட் இன்னும் 007 ஆகவில்லை. அந்த எண்ணைப் பெறுவதற்கு அவன் செய்யும் இரண்டு கொலைகளோடு கறுப்பு வெள்ளையில் படம் தொடங்குகிறது. ஒன்று குளியலறையில், கைகலப்பாக, மூச்சிரைக்க நடப்பது. மற்றொன்று மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து நிதானமாக நடப்பது. கொலை என்பது அவனுக்கு முதலில் எவ்வளவு கடினமாக இருந்தது, இரண்டாவது முறை எவ்வளவு எளிதாகிவிட்டது என்பதை ஐந்து நிமிடத்துக்குள் காட்டிவிடுகிறார் இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல். "பாண்ட், ஜேம்ஸ் பாண்ட்" என்ற புகழ்பெற்ற வசனம் படத்தின் கடைசி வரியாகத்தான் வருகிறது. பழகிய இசையும் அதுவரை முழுதாக ஒலிப்பதில்லை. அதாவது, 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருந்த அடையாளங்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றையும் அவன் சம்பாதித்துப் பெறும்படி வைத்திருக்கிறார்கள். நடிகர் மாற்றத்தை இதைவிடத் துணிச்சலாகக் கையாண்ட படம் இந்தத் தொடரில் இல்லை. கிரெய்க்கின் பெயர் அறிவிக்கப்பட்டபோது, பொன்னிற முடிக்காரர் பாண்ட் ஆக முடியாது என்று இணையத்தில் புறக்கணிப்பு இயக்கமே நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் துணிச்சலின் அளவு புரியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. படத்தின் நடுப்பகுதி நெடுகச் சீட்டாட்டம். பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் ஃபிளெமிங்கின் 1953 நாவலில் பக்கரா ஆட்டமாக இருந்ததைப் படத்தில் போக்கராக மாற்றியிருக்கிறார்கள். ஆட்டம் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் நிற்கும் பாத்திரங்கள் விளக்கிக்கொண்டே வருவார்கள் என்றாலும், சிலருக்குப் பொறுமை போய்விடும். அதைவிடப் பெரிய செலவு, கிரெய்க்கின் ஐந்து படங்களும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போவது. இரண்டாவது படம் முதற்படம் முடிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. ஐந்தாவதை நான்காவது இல்லாமல் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது. 'ஸ்கைஃபால்' மட்டும் ஓரளவு தனித்து நிற்கும். கிரெய்க்கைப் பிடித்துப்போனால் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று பொருள். 2021 படத்தில் அந்தக் கதை எப்படி முடிகிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அது முடிந்தது முடிந்ததுதான், வரப்போகிறவர் அதன் தொடர்ச்சியாக வர வழியில்லை என்பதை மட்டும் சொல்லலாம். ஆகவே புதிய படத்தைப் புரிந்துகொள்வதற்காக இந்த ஐந்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று யாராவது அச்சுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொன்று. பாண்டை நாற்காலியில் கட்டிவைத்து வில்லன் துன்புறுத்தும் காட்சி இந்தப் படத்தில் இருக்கிறது. அதை மறந்துவிட்டு, பதின்மூன்று வயது அண்ணன் மகளோடு உட்கார்ந்து படத்தை ஓடவிட்டேன். நாற்காலியின் பிரம்பை வில்லன் கத்தியால் அறுக்கத் தொடங்கியபோதுதான் நினைவு வந்தது. ரிமோட் சோபாவின் இடுக்கில் கிடந்தது. சிறுவர்களோடு பார்க்க நினைப்பவர்கள் என் நிலைக்கு ஆளாக வேண்டாம்.

## கோல்டன்ஐ: பல படங்கள் பார்க்கப்போகிறவருக்கு

எனக்கென்று ஒரு வாக்கு இருந்தால் அது இந்தப் படத்துக்குத்தான். தனிப்படமாகக் 'கேசினோ ராயல்' இதைவிட மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தொடரின் நுழைவாயில் என்ற வகையில் இதற்கு நிகர் கிடையாது. முந்தைய படம் 1989இல் வந்தது. அதன்பின் உரிமை தொடர்பான வழக்குகளில் தொடர் சிக்கிக்கொண்டது. அதற்குள் சோவியத் ஒன்றியமே கலைந்துபோயிற்று. எதிரியே இல்லாத உலகத்தில் இந்த ஒற்றனுக்கு என்ன வேலை என்ற கேள்வி அன்றைக்குப் பத்திரிகைகளில் எல்லாம் எழுந்தது. படம் அந்தக் கேள்விக்கு அஞ்சி ஒளியாமல், அதையே கதையாக்கிக்கொண்டது.

அது வெளிப்படும் ஒரு காட்சியைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். பாண்டின் மேலதிகாரியான 'எம்' பாத்திரத்தில் முதன்முறையாக ஒரு பெண், ஜூடி டென்ச். தன் அறைக்கு வந்தவனுக்கு மதுவை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, அவன் பெண்களை மதிக்காத ஒரு டைனோசர், பனிப்போரின் மிச்சம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பிராஸ்னன் மறுத்துப் பேசுவதில்லை. புருவம்கூடப் பெரிதாக அசைவதில்லை. பார்வையாளர்கள் மனத்தில் வைத்திருந்த குற்றச்சாட்டைப் படமே முதலில் வாசித்துவிட்டது. இனி அவன் வேலையைத் தொடரலாம். தொடரின் பழைய வழக்கங்களான காரும் கருவிகளும் சிலேடையும் அப்படியே இருக்கின்றன, அவற்றைப் பற்றிய விமர்சனமும் கூடவே இருக்கிறது. இந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டால், அங்கிருந்து பின்னோக்கிக் கானரிக்கும் போகலாம், முன்னோக்கிக் கிரெய்க்குக்கும் வரலாம். இதையும் 'கேசினோ ராயல்' படத்தையும் இயக்கியவர் ஒருவரே, மார்ட்டின் கேம்ப்பெல். பதினோரு ஆண்டு இடைவெளியில் இரண்டு நடிகர்களை அறிமுகப்படுத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது.

தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா அணையின் உச்சியிலிருந்து சுமார் 220 மீட்டர் ஆழத்துக்குக் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிக்கும் காட்சி வருகிறது. குதித்தவர் வெய்ன் மைக்கேல்ஸ் என்ற சண்டைக் கலைஞர். கணினி வித்தை ஏதுமில்லை. அணையின் சுவரையொட்டி அந்தச் சிறு உருவம் கீழே போய்க்கொண்டே இருக்கும்போது இசை இல்லை, காற்றின் ஓசைதான்.

கடன் என்று பார்த்தால் இங்கே மிகக் குறைவு. பிராஸ்னனின் மற்ற மூன்று படங்களையும் பார்க்காமல் விட்டாலும் கதையில் ஓட்டை விழாது. உண்மையைச் சொன்னால், 2002இல் வந்த கடைசிப் படத்தை விட்டுவிடுவது நல்லதென்றே சொல்வேன். மறைமுகச் செலவு என்றால் எரிக் செர்ராவின் இசையைச் சொல்ல வேண்டும். உலோகத்தைத் தட்டுவது போன்ற அந்த ஒலி அன்றே பலருக்குப் பிடிக்கவில்லை, இன்று படத்தின் வயதை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். எதிரணிப் பெண் ஒருத்தி ஆண்களைக் கால்களால் நெரித்துக் கொல்லும் விதமும் பெரியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்கும்போது சற்றே நெளிய வைக்கும்.

## டாக்டர் நோ: ஆதியிலிருந்து தொடங்கினால்தான் மனம் ஒப்பும் என்பவருக்கு

சிலருக்கு எதையும் முதலிலிருந்து படிக்காவிட்டால் தூக்கம் வராது. அவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். தொடங்கலாம், கெடுதல் ஒன்றுமில்லை. சுமார் 10 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட சிறிய படம் இது. எடின்பரோவில் பால் வண்டி ஓட்டியவராக வாழ்க்கையைத் தொடங்கிய கானரியை, இயக்குநர் டெரன்ஸ் யங் சீமானாக்கிக் காட்டினார். சூதாட்ட மேசையில் முதலில் அவருடைய கைகள் மட்டும் தெரிகின்றன. எதிரே இருக்கும் பெண் பெயர் கேட்கிறாள். சிகரெட்டைப் பற்றவைத்தபடி, வாயிலிருந்து அதை எடுக்காமலே பெயரைச் சொல்கிறார். அதன்பின் வந்த ஐந்து நடிகர்களும் அந்த ஒரு நொடியோடுதான் மல்லுக்கட்டினார்கள். இன்னொரு காட்சியில், இருட்டறையில் சீட்டு அடுக்கிக்கொண்டு காத்திருந்து, குண்டு தீர்ந்த துப்பாக்கியோடு நிற்கும் ஒருவனைப் பாண்ட் சுட்டுக்கொல்கிறான். இவன் நம் ஊர்க் கதாநாயகன் மாதிரி ஆள் இல்லை என்பது அங்கே உறுதியாகிவிடும். 1960களில் எழுந்த இந்த அலைதான் தமிழில் ஜெய்சங்கருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்ற பட்டத்தையும், 'வல்லவன் ஒருவன்' போன்ற படங்களையும் தந்தது. அவற்றை ரசித்தவர்களுக்கு இந்தப் படத்தின் மேசைகளும் கதவுகளும் விளக்குகளும்கூடப் பழகியவையாகத் தோன்றலாம்.

செலவு? பாதிப் படம் விசாரணை, நடை மெதுவானது. பாண்ட் படம் என்றதும் நாம் எதிர்பார்க்கும் வெடிப்புகள் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் வருகின்றன. சீன வம்சாவளி வில்லனாக ஒப்பனையில் வருபவர் ஜோசப் வைஸ்மன் என்ற வெள்ளை நடிகர். உடன் வரும் கறுப்பினத் தோழனிடம் பாண்ட் தன் காலணியை எடுத்து வரச் சொல்லும் ஒரு வரி, அன்று யாருக்கும் உறுத்தாமல் போயிருக்கலாம், இன்று உறுத்தும். கானரியின் ஆறு படங்களில் பல இழைகள் ஒரே எதிரி இயக்கத்தைச் சுற்றி ஓடுவதால், இதில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 1965 வரையிலான நான்கையும் தொடர்ந்து பார்த்துவிடுவார்கள். அதற்கு நேரமுள்ளவர்களுக்கு இது நல்ல வழி.

## லிவ் அண்ட் லெட் டை: அப்பாவோடு பார்ப்பதற்கு

ரோஜர் மூரைத் தியேட்டரில் பார்த்த தலைமுறை வீட்டில் இருந்தால் அவர்களுக்காக இதை எடுக்கலாம். தொலைக்காட்சித் தொடரால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த மூர், 45 வயதில் வேடத்தை ஏற்றார். கானரியின் நிழல் விழாமலிருக்கப் படக்குழு எடுத்துக்கொண்ட சிரத்தை வேடிக்கையானது: படத்தின் பெயர் திரையில் வருவதற்கு முந்தைய தொடக்கக் காட்சியில் பாண்ட் வருவதே இல்லை, கருவிகள் தரும் 'க்யூ' இல்லை, வோட்கா மார்ட்டினி இல்லை. ஒப்பிடுவதற்குப் பொருளே கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். உண்மையான முதலைகளின் முதுகில் கால்வைத்து ஓடும் காட்சியை இன்றும் வாய்பிளந்து பார்க்கலாம். ஓடியவர் அந்த முதலைப் பண்ணையின் உரிமையாளர் ராஸ் கனாங்கா, வில்லனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் வில்லன் கூட்டம் முழுவதும் கறுப்பினத்தவர் என்ற அமைப்பும், மாந்திரீகம் காட்டப்படும் விதமும் இன்றைய கண்ணுக்குக் கசக்கும். தனியாகப் புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்பாவுக்காகத்தான் பார்க்கிறீர்கள் என்றால், முதற்படம் என்ற விதியையே தளர்த்திவிட்டு 1983இல் வந்த 'ஆக்டோபஸி'யை எடுக்கலாம். அதில் உதய்ப்பூர் இருக்கிறது. அத்துடன் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், பாம்பாட்டி வேடத்தில் மகுடியில் பாண்டின் இசையையே வாசித்துத் தன்னை அடையாளம் காட்டிக்கொள்கிறார்; பிறகு ஆட்டோவில் துரத்துபவர்களை டென்னிஸ் மட்டையால் அடிக்கிறார். அப்பாக்கள் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

## தி லிவிங் டேலைட்ஸ்: புத்தகம் படித்தவருக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜிப்ரால்டர் பாறையில் பயிற்சிக்காக மூன்று ஒற்றர்கள் குதிக்கிறார்கள். மூவரில் யார் பாண்ட் என்று நமக்குத் தெரியாது. இருவர் கழிந்தபின் மூன்றாமவர் முகத்தைத் திருப்புகிறார். புதிய நடிகரை இவ்வளவு நேர்த்தியாக அறிமுகப்படுத்திய காட்சி வேறில்லை. மேடை நாடகத்திலிருந்து வந்த டால்டன், ஃபிளெமிங்கின் புத்தகங்களில் உள்ள களைத்த, கசந்த மனிதனைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஒப்பந்தச் சிக்கலால் பிராஸ்னன் கைநழுவிய வாய்ப்பு இது என்பதும், அதே பிராஸ்னன் பின்னர் 1995இல் வந்து சேர்ந்தார் என்பதும் தொடரின் விசித்திரங்களில் ஒன்று. செலவு, பிற்பாதியின் ஆப்கானிஸ்தான் அரசியல். சோவியத் படைக்கு எதிரான முஜாகிதீன்களோடு பாண்ட் தோழமையோடு குதிரையேறுவதைப் பிந்தைய வரலாறு தெரிந்தவர்கள் சங்கடமில்லாமல் பார்க்க முடியாது. ஃபிளெமிங்கை ஏற்கெனவே படித்தவர்கள் தயங்காமல் இங்கே தொடங்கலாம். மற்றவர்களுக்கு இது மூன்றாவது, நான்காவது படமாக இருப்பதே நல்லது.

## ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்: தொடங்க வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்

ஜார்ஜ் லேசன்பி ஆஸ்திரேலிய விளம்பர மாடல். படங்களில் நடித்து அறியாதவர். கானரி தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் போன கோட்டை வாங்கி அணிந்துகொண்டு, கானரி முடிவெட்டிக்கொண்ட கடையிலேயே முடிவெட்டிக்கொண்டு, தான் அனுபவமுள்ள நடிகன் என்று பொய்சொல்லி வாய்ப்பைப் பிடித்தார். ஒரே படத்தோடு விலகியும் விட்டார். இதனால் நெடுங்காலம் இந்தப் படம் தோல்விக்கு உதாரணமாகச் சொல்லப்பட்டது. நாயகி டயானா ரிக்கின் நடிப்பும், ஆல்ப்ஸ் மலையில் ஷில்ட்ஹார்ன் உச்சியில் எடுத்த பனிச்சறுக்குத் துரத்தல்களும், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பாடலும் இருக்கும் படத்தைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆறில் மனத்தைத் தொடும் கதை இதுதான். முடிவைச் சொல்ல மாட்டேன்.

பிறகு ஏன் இதில் தொடங்க வேண்டாம் என்கிறேன்? பார்வையாளருக்குக் கானரியைத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் படமே நடக்கிறது. பெயர்கள் ஓடும்போது பழைய படங்களின் துண்டுகள் வருகின்றன. வேலையை விட்டுப்போக நினைக்கும் பாண்ட், மேசை இழுப்பறையைத் திறந்து முந்தைய படங்களின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான். அந்தப் படங்களைப் பார்த்திராதவருக்கு அது வெறும் இழுப்பறை. தொடக்கத்தில், கடற்கரையில் ஒரு பெண்ணைக் காப்பாற்றிச் சண்டையிட்டு முடிக்கிறான். அவளோ நன்றி சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பிருந்த ஆளுக்கு இப்படியெல்லாம் நடந்ததே இல்லை என்கிறான். நடிகர் மாறியதைத் தொடரே வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். கானரியின் இரண்டு படங்களையாவது பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த வரிக்குச் சிரிப்பு வரும். ஆகவே 'கோல்டன்ஐ'யிலோ 'டாக்டர் நோ'விலோ தொடங்கியவர்கள், ஏழாவது நடிகரின் படம் வெளியாகும் வாரத்துக்கென்று இதை ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம். நீளம் 142 நிமிடம், சனிக்கிழமை இரவு உணவை முடித்துக்கொண்டு உட்கார்வது நல்லது.